பாபின் ஏன் எதோடும் ஒட்டாமல் இருக்கிறது? – தையல் மெஷினின் உறுப்புகள் பற்றி ஒரு குறிப்பு

போட்டிருக்கும் சட்டையின் கீழ் ஓரத்தைக் கொஞ்சம் மடித்துப் பாருங்கள். மேல்பக்கம் ஒரு நூல் ஓடுகிறது. உள்பக்கம் இன்னொரு நூல் ஓடுகிறது. இரண்டும் துணியின் கனத்துக்கு நடுவில், ஒவ்வொரு தையலிலும் ஒருமுறை, ஒன்றையொன்று கோத்துப் பிடித்திருக்கின்றன. பார்க்க ரொம்பச் சாதாரணமான விஷயம். ஆனால் யோசித்தால் இதில் ஒரு புதிர் இருக்கு.

இரண்டு கயிறுகளை இப்படிக் கோக்க வேண்டுமென்றால், ஒன்றின் நுனியை எடுத்து மற்றதைச் சுற்றிக் கொண்டுவரணும். தையல் மெஷினில் அந்த நுனி எங்கே? மேல் நூலின் ஒரு முனை ஏற்கனவே தைத்த துணியில் மாட்டியிருக்கிறது, மறுமுனை நூல்கண்டில். கீழ் நூலுக்கும் அதே கதைதான்: ஒரு முனை துணியில், மறுமுனை பாபினில். நுனியே கையில் கிடைக்காத இரண்டு நூல்கள் எப்படி ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால், மெஷினில் இருக்கும் ஒவ்வொரு உறுப்பும் எதற்கு என்பது தானாகவே விளங்கிவிடும். பாகங்களின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நம்ம ஊர் டெய்லர் கடைகளில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் கறுப்பு நிற, காலால் மிதிக்கும் மெஷினையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். சிங்கர் கம்பெனியின் '15' என்ற வகையை ஒட்டி வந்த அமைப்பு அது.

கையை நகலெடுக்கப் போய்த் தோற்ற கதை

கையால் தைக்கும்போது என்ன நடக்கிறது? ஊசியின் பின்முனையில் காது, முன்முனையில் கூர். ஊசி முழுசாகத் துணியைக் கடந்து அந்தப் பக்கம் போகிறது. அங்கே ஒரு விரல் அதைப் பிடித்து இழுத்து, திருப்பி, மறுபடி இந்தப் பக்கம் அனுப்புகிறது. இயந்திரத்துக்கு இது பெரிய தொல்லை. ஊசியை ஒவ்வொரு முறையும் விடணும், பிடிக்கணும், திருப்பணும்.

1755-இல் சார்லஸ் வைசென்தால் என்பவர் இங்கிலாந்தில் ஒரு ஊசிக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு பக்கமும் கூர், நடுவில் காது. திருப்பும் வேலை மட்டும் மிச்சம். விட்டுப் பிடிக்கும் வேலை அப்படியேதான் இருந்தது.

உண்மையான திருப்பம், ஊசியின் காதைக் கூர்முனைக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததுதான். அப்படிச் செய்தால் ஊசி முழுசாகத் துணியைக் கடக்க வேண்டியதே இல்லை. நுனி மட்டும் உள்ளே போய், நூலைக் கீழே இறக்கிக் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிடலாம். மெஷின் ஊசியின் பிடியை ஒருபோதும் விடுவதில்லை. நூலை மட்டும்தான் அந்தப் பக்கம் அனுப்புகிறது.

சரி, கீழே இறங்கிய நூல் வளையத்தை என்ன செய்வது? சுலபமான வழி, அதை அப்படியே பிடித்து வைத்து, அடுத்த வளையத்தை அதற்குள் நுழைப்பது. இதுதான் சங்கிலித் தையல். பிரான்சில் பார்த்தலெமி திமோனியே என்ற தையல்காரர் 1830-இல் காப்புரிமை வாங்கிய மெஷின் இந்த வகை. அவர் பாரிஸில் ராணுவ உடுப்புகள் தைக்க ஒரு பட்டறையே போட்டார். பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையல்காரர்கள் கூட்டமாக வந்து அந்த மெஷின்களை உடைத்துப் போட்டார்கள். திமோனியே 1857-இல் வறுமையில் இறந்தார்.

சங்கிலித் தையலில் ஒரு குறை உண்டு. அரிசி மூட்டையைப் பிரித்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். சரியான முனையைக் கண்டுபிடித்து ஒரு இழு இழுத்தால், மூட்டை வாய் முழுக்க 'சர்ர்' என்று அவிழ்ந்துவிடும். மூட்டைக்கு அது வசதி. சட்டைக்கு அது வசதியா?

அவிழாத தையலுக்கு இரண்டாவது நூல் வேணும். அங்கேதான் நம்முடைய புதிர் வருகிறது.

புதிரின் விடை: பாபினே வளையத்துக்குள் போகிறது

நூலின் நுனி கிடைக்காவிட்டால் என்ன? மேல் நூல் கீழே ஒரு வளையமாக இறங்குகிறது அல்லவா? அந்த வளையத்தை நன்றாக அகலமாக்கி, கீழ் நூல் சுற்றியிருக்கும் பாபினையே, அதன் பெட்டியோடு சேர்த்து, வளையத்துக்குள் விட்டு எடுத்துவிட்டால்? பாபின் வளையத்தைக் கடந்துவிட்டது என்றால், அதிலிருந்து வரும் நூலும் வளையத்துக்குள் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்.

இதைத்தான் மெஷின் ஒவ்வொரு தையலுக்கும் செய்கிறது. ஊருணியைச் சுற்றிக் கயிற்றை எடுத்துப் போவதுபோல, மேல் நூலை பாபின் கேஸைச் சுற்றி ஒரு முழு வலம் எடுத்துப் போகிறது.

இப்போது தலைப்பில் இருக்கும் கேள்விக்கு வருவோம். நூல் வளையம் பாபின் கேஸின் முன்பக்கமாகவும் பின்பக்கமாகவும் வழுக்கிப் போகணும் என்றால், பாபின் கேஸை எதோடும் திருகு போட்டு இறுக்க முடியாது. எங்கே இறுக்கினாலும் நூல் அங்கே மாட்டிக்கொள்ளும். அதனால் அது ஷட்டிலுக்குள் சும்மா செருகி உட்கார்ந்திருக்கிறது. சுழன்றுவிடாமல் இருக்க அதற்கு ஒரு சின்ன விரல் மாதிரி நீட்டம் இருக்கும். அது மேலே ஒரு பள்ளத்தில் போய் உட்காரும். அந்த விரலுக்கும் பள்ளத்துக்கும் நடுவிலும் நூல் நழுவிப் போகும் அளவு இடைவெளி உண்டு. ஷட்டிலைத் தள்ளும் துண்டுக்கும் ஷட்டிலுக்கும் நடுவிலும் அதே காரணத்துக்காக இடைவெளி வைத்திருப்பார்கள். மெஷின் ஓடும்போது கேட்கும் 'டக டக' சத்தத்தில் ஒரு பங்கு அந்த இடைவெளியிலிருந்து வருவதுதான். பழைய மெஷின் ஆடுகிறதே என்று அங்கே எதையாவது அடைத்து இறுக்கினால், தையல் விழாது.

மேல் நூலோடு ஒரு பயணம்

இனி நூல்கண்டிலிருந்து புறப்பட்டு ஒவ்வொரு உறுப்பாகப் பார்க்கலாம்.

*டென்ஷன் தட்டுகள்.* கிண்ணம்போல் வளைந்த இரண்டு சின்னத் தகடுகள், முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். பக்கத்தில் ஒரு ஸ்பிரிங், அதை இறுக்க ஒரு மரை. நூல் இரண்டு தட்டுக்கும் நடுவில் போகும். இது நூலுக்குப் போடும் பிரேக். 'டென்ஷன் சரியில்லை' என்று டெய்லர் சொன்னால் மனநிலையைப் பற்றி அல்ல, இதைப் பற்றித்தான் பேசுகிறார். ஒன்றை நினைவில் வைக்கணும்: பிரஷர் ஃபுட்டைத் தூக்கினால் இந்தத் தட்டுகள் தானாக விலகிக்கொள்ளும். தைத்து முடித்த துணியைச் சுலபமாக வெளியே இழுக்கத்தான் இந்த ஏற்பாடு. அதனால் நூல் கோக்கும்போது ஃபுட்டு மேலே இருக்கணும், தைக்கும்போது கீழே இருக்கணும்.

*டேக்-அப் லீவர்.* மெஷின் முகத்தில் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும் கை. முனையில் ஒரு துளை, அதன் வழியாக நூல் போகும். பார்த்தால் சும்மா ஆடுவதுபோல் இருக்கும். உண்மையில் தையலை இறுக்குவது இதுதான். பாபினின் விட்டம் சுமார் 2 செ.மீ. மேல் நூல் அதைச் சுற்றி வர வேண்டுமானால் பல சென்டிமீட்டர் நூல் வேணும். ஆனால் ஒரு தையலில் செலவாகும் நூலோ சில மில்லிமீட்டர்தான். மிச்ச நூலை என்ன செய்வது? லீவர் கீழே இறங்கும்போது நூலைத் தளர்த்திக் கொடுக்கிறது. பாபினைச் சுற்றி முடிந்ததும் சட்டென்று மேலே ஏறி, கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. கடைசியாக இழுக்கும்போது, இந்தத் தையலில் செலவான அந்தக் கொஞ்ச நூலை மட்டும் கண்டிலிருந்து புதுசாக உருவுகிறது. இதனால் நூலின் ஒரே இடம் துணியில் போய் உட்காருவதற்கு முன் ஊசிக் காது வழியாகப் பல முறை போய்வருகிறது. மட்டமான நூல் மெஷினில் பிசிறு தட்டி அறுவதற்கு இதுவே முக்கியக் காரணம். அதே நூல் கைத்தையலில் நன்றாகவே ஓடும்.

*ஊசி.* மெஷின் ஊசியைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மேலிருந்து காது வரைக்கும் நீளமான பள்ளம். மறுபக்கம் காதுக்குச் சற்று மேலே ஒரு குழிவு. இரண்டுக்கும் தனித்தனி வேலை. ஊசி துணிக்குள் இறங்கும்போது நூல் நீளப் பள்ளத்துக்குள் ஒளிந்துகொள்கிறது, துணியோடு உரசுவதில்லை. மறுபக்கத்தில் பள்ளம் இல்லாததால் நூல் துணியோடு உரசுகிறது. ஊசி கடைசி வரை இறங்கி, மறுபடி 2 மி.மீ. அளவு மேலே ஏறும்போது, அந்த உரசலால் நூல் கூடவே ஏற முடியாமல் பின்தங்கிவிடும். பின்தங்கிய நூல் பக்கவாட்டில் ஒரு சின்ன வளையமாகப் பிதுங்கும். ஷட்டிலின் கூர்முனை அந்த நேரத்தில், அந்தக் குழிவு வழியாக வந்து, வளையத்தைக் கொத்திக்கொண்டு போகும். முழுத் தையலும் நிற்பது இந்த 2 மி.மீ. ஏற்றத்தின்மேல்தான். ஊசியைத் திருப்பிப் போட்டுவிட்டால் வளையம் எதிர்ப்பக்கம் பிதுங்கும், ஷட்டில் வெறுங்கையோடு போகும். ஊசியின் தலையில் ஒரு பக்கத்தைத் தட்டையாக வைத்திருப்பது, தப்பான பக்கம் மாட்டக்கூடாது என்பதற்காகத்தான். நூலைக் கோப்பது எப்போதும் நீளப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்து.

ஊசிப் பாக்கெட்டில் 90/14 என்று போட்டிருக்குமே, அதில் 90 என்பது ஊசித் தண்டின் கனம்: 0.90 மி.மீ. 14 என்பது அதே அளவுக்குப் பழைய எண். மெல்லிய பருத்திக்கு 75/11, சாதாரணத் துணிக்கு 90/14, ஜீன்ஸ் மாதிரி கனத்த துணிக்கு 100/16 அல்லது 110/18.

*ஷட்டில்.* பிறை மாதிரி வளைந்த, ஒரு பக்கம் கூரான இரும்புத் துண்டு. நம்ம வீட்டு மெஷினில் இது முழுவட்டம் சுற்றாது. அரைவட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போய்த் திரும்பி வரும், தொட்டில் ஆடுவதுபோல. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் உள்ள மாதிரி வேகமான தொழிற்சாலை மெஷின்களில் ஊக்கு ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு தையலுக்கு இரண்டு சுற்று. போய்ப் போய் நின்று திரும்ப வேண்டியதில்லை என்பதால்தான் அவற்றால் நிமிஷத்துக்கு 5,000 தையல் வரை போட முடிகிறது.

*பாபின் கேஸ்.* கீழ் நூலுக்கும் பிரேக் வேணுமே? கேஸின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தகடுதான் அது. அதில் ஒரு குட்டித் திருகு உண்டு.

துணியை நகர்த்துவது யார்?

ஊசித் தட்டின் கீழே ரம்பப் பல் மாதிரி இரண்டு வரிசை. 'பல்லு' என்றே பலரும் சொல்கிறார்கள். அதன் நடை நான்கு கட்டம்: மேலே எழும், துணியைக் கவ்விப் பின்னால் தள்ளும், கீழே அமுங்கும், துணியைத் தொடாமல் பழைய இடத்துக்குத் திரும்பும். ஊசி துணிக்கு வெளியே இருக்கும்போது மட்டும்தான் இது தள்ளும். மேலிருந்து பிரஷர் ஃபுட் அழுத்தாவிட்டால் பல்லுக்குப் பிடிப்புக் கிடைக்காது. ஆக, துணியை நகர்த்துவது மெஷினின் வேலை. தைப்பவர் கை வழிகாட்டினால் போதும். கையால் இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் மோதி உடையும்.

தையல் நீளத்தை மாற்றும் லீவர், பல் ஒரு முறைக்கு எவ்வளவு தூரம் போகணும் என்பதைத்தான் மாற்றுகிறது. லீவர் நடுக்கோட்டைத் தாண்டினால் பல் எதிர்த்திசையில் தள்ளும். அதுதான் ரிவர்ஸ் தையல்.

எல்லாம் ஒரே தண்டில்

ஊசி, டேக்-அப் லீவர், ஷட்டில், பல் – இந்த நான்கும் இம்மி பிசகாமல் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகணும். இதை யார் ஒருங்கிணைக்கிறார்கள்? மெஷினின் மேல்கைக்குள் குறுக்காக ஒரே ஒரு தண்டு ஓடுகிறது. நான்கும் அதிலிருந்துதான் அசைவை வாங்கிக்கொள்கின்றன. கைச்சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு தையல். வேகமாக மிதித்தாலும் மெதுவாக மிதித்தாலும் வரிசை மாறாது.

கால் மிதி பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. பெரிய சக்கரம் தோல் பெல்ட் வழியாகச் சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. பெரியது சின்னதைப்போல் நாலைந்து மடங்கு என்பதால், ஒரு மிதிக்கு நாலைந்து தையல் கிடைக்கும். கைச்சக்கரத்தின் நடுவில் இருக்கும் திருகைத் தளர்த்தினால், சக்கரம் சுற்றும், ஊசி அசையாது. பாபினில் நூல் சுற்ற அந்த வசதி.

உறுப்புக்கு ஒரு முதலாளி

தையல் மெஷினைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஒரு பெயர் சொல்ல முடியாததற்குக் காரணம், உறுப்புக்கு ஒரு ஆள் இருந்ததுதான். அமெரிக்காவில் வால்டர் ஹண்ட் 1830-களிலேயே கூரில் காதுள்ள ஊசியும் ஷட்டிலும் வைத்து இரண்டு நூல் தையல் போட்டார். காப்புரிமை வாங்கவில்லை. எலியாஸ் ஹோவ் 1846-இல் வாங்கினார். ஆனால் அவருடைய மெஷினில் வளைந்த ஊசி பக்கவாட்டில் ஆடியது. துணியை ஒரு தகட்டில் குத்தித் தொங்கவிடணும், தகட்டு நீளம் தைத்ததும் கழற்றி மறுபடி குத்தணும். ஐசக் சிங்கரின் 1851 மெஷினில் நேர் ஊசி மேலும் கீழும் போனது, துணி மேஜைமேல் கிடந்தது, பிரஷர் ஃபுட் இருந்தது. சுற்றும் ஊக்கும், 1854-இல் காப்புரிமை பெற்ற நான்கு கட்டப் பல்லும் ஆலன் வில்சனுடையவை.

யார் முழு மெஷின் செய்தாலும் இன்னொருவருடைய உறுப்பு அதில் இருக்கும், இன்னொருவர் வழக்குப் போடுவார். கடைசியில் 1856-இல் ஹோவும் மூன்று பெரிய கம்பெனிகளும் தங்கள் காப்புரிமைகளை ஒரே குடத்தில் போட்டுப் பகிர்ந்துகொண்டார்கள். அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு மெஷினுக்கும் ஹோவுக்கு முதலில் 5 டாலர் கிடைத்தது. போட்டியாளர்கள் இப்படிக் காப்புரிமைகளைப் பொதுவில் வைத்துக்கொண்ட ஆரம்பகால உதாரணங்களில் இது முக்கியமானது. மெஷினை முழுப் பணம் கொடுத்து வாங்க முடியாத வீடுகளுக்கு சிங்கர் கம்பெனி தவணை முறையில் விற்றதும் அதே காலத்தில்தான்.

இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தியும் இதற்கு விலக்குக் கொடுத்தார். 1924-இல் 'யங் இந்தியா'வில் வெளிவந்த ஒரு உரையாடலில், பயனுள்ள சில கண்டுபிடிப்புகளில் சிங்கர் மெஷினும் ஒன்று என்ற பொருளில் சொல்கிறார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்துச் சிங்கர் அன்பினால் செய்தது என்றும் ஒரு காரணம் சொல்கிறார். வரலாறு அப்படி இல்லை. பாஸ்டனில் ஒரு பட்டறையில், வேறொருவர் வடிவமைத்த மெஷினில் இருந்த குறைகளைத் தீர்க்கப் போய், பணம் சம்பாதிக்கும் வழியாகத்தான் சிங்கர் இதில் இறங்கினார். ஆனால் காந்தி பார்த்த விஷயம் வேறு. இது ஒரு ஆள், வீட்டில், தன் காலால் ஓட்டக்கூடிய இயந்திரம்.

தையலைப் படிக்கக் கற்றால்

அந்த 'ஒரு ஆள்' யார் என்று யோசித்தால்தான் இதெல்லாம் வெறும் பொது அறிவு இல்லை என்று புரியும். தமிழ்நாட்டில் அரசு, கணவரை இழந்த, கைவிடப்பட்ட, ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் மெஷின் கொடுக்கும் திட்டம் வைத்திருக்கிறது. வீட்டில் ஜாக்கெட் தைத்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் எத்தனையோ பேர். மெஷின் மக்கர் செய்தால் மெக்கானிக் வரும்வரை வேலை நிற்கும், வந்தால் அன்றைய சம்பாத்தியம் அவருக்குப் போகும். பெரும்பாலான கோளாறுகள் தையலைப் பார்த்தே கண்டுபிடிக்கக்கூடியவை.

கீழ்ப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறதா? எல்லாரும் பாபினைத்தான் திட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் மேலே. கீழே போன வளையத்தை யாரும் திரும்ப இழுக்கவில்லை என்று அர்த்தம். நூல் டென்ஷன் தட்டுக்குள் உட்காரவில்லை, அல்லது டேக்-அப் லீவரில் கோக்க விட்டுப்போச்சு, அல்லது ஃபுட்டை இறக்காமல் தைத்திருக்கிறோம்.

மேல்பக்கம் கீழ் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதா? மேல் பிரேக் அதிகம், அல்லது கீழ் பிரேக் குறைவு. பாபின் கேஸின் தகட்டுக்கு அடியில் நூல் போகிறதா, அங்கே பஞ்சு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தையல் விட்டு விட்டு விழுகிறதா? அந்த 2 மி.மீ. வளையம் ஷட்டிலுக்குக் கிடைக்கவில்லை. ஊசி முழுசாக மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறதா, பக்கம் சரியா, முனை மழுங்கியிருக்கிறதா? முதலில் ஊசியை மாற்றுங்கள்.

துணி நகரவில்லையா? நீள லீவர் பூஜ்யத்தில் இருக்கலாம். அல்லது பல் இடுக்கில் பஞ்சு அடைத்திருக்கும்.

ஓட்டம் கனக்கிறதா? ஷட்டில் குழியில் அறுந்த நூல் சிக்கியிருக்கும், அல்லது எண்ணெய் வறண்டிருக்கும். மெஷின் ஆயில்தான் விடணும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் அது உறையும், நாளானால் பிசினாகி உறுப்புகளைப் பிடித்துக்கொள்ளும்.

எந்தக் கோளாறுக்கும் வரிசை ஒன்றுதான்: ஃபுட்டைத் தூக்கி மேல் நூலை முதலிலிருந்து கோருங்கள், ஊசியை மாற்றுங்கள், பஞ்சைத் துடையுங்கள், எண்ணெய் விடுங்கள். இவ்வளவும் செய்து பலனில்லை என்றால் மட்டும் மேல் டென்ஷன் மரையைத் தொடலாம். பாபின் கேஸின் குட்டித் திருகு கடைசி. அதையும் கால் சுற்றுக்கு மேல் திருப்பக்கூடாது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நூல் முனையைப் பிடித்து கேஸைத் தொங்கவிடுங்கள். தன் எடையால் சர்ரென்று இறங்கினால் தளர்வு. கையை லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. உதறியும் அசையாவிட்டால் இறுக்கம்.

பிறகு ஒரு துண்டுத் துணியில் நாலு விரல்கடை தைத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிந்தால் முடிச்சு துணிக்கு நடுவில் விழுந்திருக்கிறது. ஜாக்கெட்டை எடுத்துத் தைக்க ஆரம்பிக்கலாம்.